பழைய காரில் சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரி கடைக்குப் போகும் முன் சில கேள்விகள்

என்னிடம் இருப்பது 1997-ஆம் வருட மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, அப்பா வாங்கியது. பதினான்கு மாதத்துக்குள் அதற்கு இரண்டு புது பேட்டரி போட்டேன். இரண்டிலுமே பழுது இல்லை. குற்றவாளி எங்கே இருந்தது என்று கீழே சொல்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. கை சுட்ட பிறகு மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டவன். இங்கே எழுதியிருப்பது 800, ஆம்னி, அம்பாசடர், பத்மினி மாதிரியான 12 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்.

கேள்வி: காலையில் சாவி திருப்பினால் 'டக் டக்' என்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்தை வைத்து அப்படி முடிவு கட்டமுடியாது. செல்ஃப் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். ஏன் சேரவில்லை என்பதற்கு நாலு காரணம் இருக்கலாம். பேட்டரி கிழடாகியிருக்கலாம். பேட்டரி நன்றாக இருந்து, ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏறாமல் இருந்திருக்கலாம். ஏறிய சார்ஜை ராத்திரி ஏதோ ஒன்று குடித்திருக்கலாம். இல்லையென்றால் எல்லாம் சரியாக இருந்து, நடுவில் ஒரு டெர்மினலோ எர்த்தோ (பேட்டரி நெகட்டிவ், பாடி, என்ஜின் மூன்றையும் சேர்க்கும் இணைப்பு) லூஸாக இருக்கலாம்.

"பேட்டரிய மாத்திப் பாருங்க சார்" என்று சொல்பவர் இந்த நாலில் ஒன்றைத்தான் பார்க்கிறார். புது பேட்டரி போட்டதும் வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும், நோய் தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். கடையிலிருந்து வந்த சார்ஜ் தீரும்வரை ஓடும். அப்புறம் ஒரு காலையில் மறுபடி 'டக் டக்'.

கேள்வி: டைனமோ, ஆல்டர்னேட்டர் என்று இரண்டு பேர் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

என்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சாமானின் பெயர்கள் இவை. பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்று. பல ஒர்க்‌ஷாப்களில் ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். உள்ளே வேறு வேறு சாமான். டைனமோவில் காயில் சுற்றிய ஆர்மேச்சர் சுழலும். கரண்ட் முழுவதும் கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சரோடு சுழலும் செம்பு வளையம்), கார்பன் (அதை உரசி நிற்கும் கரித்துண்டு) வழியாக வெளியே வரும். ஆல்டர்னேட்டரில் நடுவில் சுழல்வது ஒரு மின்காந்தம். அசையாமல் இருக்கும் வெளிக் காயிலில் கரண்ட் உண்டாகி, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் வழியாக டி.சி.யாக மாறி வரும். கார்பன் இதிலும் உண்டு. ஆனால் அந்த மின்காந்தத்துக்கான சின்னக் கரண்டை மட்டும் கொண்டுபோவதால் நீண்ட நாள் உழைக்கும்.

வண்டி வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டிய வித்தியாசம் ஐடிலிங்கில்தான், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது. டைனமோ ஐடிலிங்கில் அநேகமாக ஒன்றும் தராது. ஆல்டர்னேட்டர் ஓரளவு தரும். பழைய அம்பாசடர், பழைய பத்மினிகளில் டைனமோ. பின்னால் வந்தவற்றிலும் 800-லும் ஆல்டர்னேட்டர். கீழே தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் ஆல்டர்னேட்டர் வண்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே பார்க்க என்னென்ன வேண்டும்?

சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். 10, 12 நம்பர் ஸ்பேனர்கள், உப்புத்தாள், டார்ச் லைட்.

மீட்டரில் ஒரே ஒரு ஆபத்து. சிவப்பு ஒயரைச் சொருக இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்று வோல்ட்டுக்கு, இன்னொன்று 10 ஆம்பியருக்கு. ஆம்பியர் ஓட்டையில் சொருகிய ஒயரைத் தெரியாமல் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட். மீட்டர் போகும், கையும் பொசுங்கும். ஒவ்வொரு தடவையும் ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள். வோல்ட் பார்க்க டி.சி. 20 என்ற இடத்தில் திருப்பி வைக்க வேண்டும்.

கேள்வி: மீட்டர் வாங்கியாச்சு. முதலில் எதை அளப்பது?

மூன்று அளவு. மூன்றையும் பேட்டரியின் ஈய முனையில் வைத்தே எடுக்க வேண்டும், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் இல்லை.

முதலாவது, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் கதவைத் திறந்ததும் எடுப்பது. 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்டி நிறுத்தியதும் அளந்தால் 12.9, 13 என்றெல்லாம் காட்டும், அதை நம்பவேண்டாம். அது மேலோட்டமான சார்ஜ். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்தால் இறங்கிவிடும்.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி காலி, அல்லது பலம் போனது, அல்லது செல்ஃப் மோட்டாரே அளவுக்கு மீறி இழுக்கிறது. இதில் ஒரு சூட்சுமம்: வோல்ட் 12-லேயே நிற்கிறது, ஆனால் செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள். கரண்ட் பேட்டரியை விட்டே போகவில்லை. கிளாம்ப், எர்த், செல்ஃப் சொலினாய்டு (செல்ஃப்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), இவற்றைப் பாருங்கள்.

மூன்றாவது, என்ஜின் ஓடும்போது, ஐடிலிங்கைவிடக் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து எடுப்பது. 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும். அப்புறம் ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டு மறுபடி பாருங்கள். 13.5-க்குக் கீழே போகாமல் இருந்தால் ஆல்டர்னேட்டருக்குத் தெம்பு இருக்கிறது. என்ஜின் சூடேறிய பிறகு 14.4 என்பது 14.0 ஆனால் பயப்படவேண்டாம், ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரே சூட்டில் அதைக் கொஞ்சம் குறைக்கும்.

என்ஜின் ஓடும்போதும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை. சந்தேகமே இல்லை.

கேள்வி: ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆல்டர்னேட்டரைக் கழற்றக் கொடுத்துவிடலாமா?

இருங்கள். என் கதை இங்கேதான் வருகிறது.

இரண்டாவது பேட்டரியும் படுத்த அன்று, எங்கள் பக்கத்தில் ரொம்ப நாளாக எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் ஒரு பாயிடம் போனேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த போல்ட்டிலும் (பி டெர்மினல்) கறுப்பு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் வைத்தார். 14.3. அப்புறம் பேட்டரி முனைகளில் வைத்தார். 12.5. "தம்பி, அங்க பொங்கி வருது, இங்க வந்து சேரல. நடுவுல 1.8 வோல்ட்ட யாரு தின்னா?" என்றார்.

தின்றவனைப் பிடிப்பது எளிது. சிவப்பு முனை பி டெர்மினலில், கறுப்பு முனை பேட்டரி பாசிட்டிவில். 0.2 காட்டியது, அது சகஜம். அப்புறம் ஒரு முனை ஆல்டர்னேட்டர் உடம்பில், மறு முனை பேட்டரி நெகட்டிவில். 1.6. அங்கே 0.2-க்கு மேல் வரக்கூடாது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையை, அதாவது எர்த் ஸ்ட்ராப்பை, டார்ச் அடித்துக் காட்டினார். ஆயிலில் ஊறி, துரு தின்று, மூன்று நாலு இழை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் மெதுவாகச் சுற்றியதற்கும் அதுவே காரணம். செல்ஃப்பின் கரண்டும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி முறுக்கினார். பேட்டரியில் 14.0. நான் போட்ட இரண்டு பேட்டரியின் விலையில் அந்தப் பட்டையை மூட்டையாக வாங்கியிருக்கலாம்.

எர்த் போன வண்டியில் இன்னொரு அடையாளமும் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சூடாகும், சில சமயம் புகையும். கரண்ட் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பி வழியாக வீடு திரும்பப் பார்க்கிறது. கேபிள் திடீர் திடீரென்று இறுகிப்போகிறது என்று கேபிளையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் எர்த் ஸ்ட்ராப்பைப் பாருங்கள்.

பாசிட்டிவ் பக்கம் 0.3-க்கு மேல் காட்டினால் பி டெர்மினல் நட்டு, அதிலிருந்து வரும் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ப்யூஸிபிள் லிங்க் (கரண்ட் அளவுக்கு மீறினால் உருகும் பியூஸ் ஒயர்), கிளாம்ப், இந்த வரிசையில் தேடுங்கள். கிளாம்ப்பில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டி முறுக்கிய பிறகு மேலே கிரீஸோ வாசலினோ தடவுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

கேள்வி: டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரியவே இல்லை. அப்போ சார்ஜ் ஆகிறது என்றுதானே அர்த்தம்?

என் வண்டியில் அத்தனை நாளும் அது எரியவில்லை. ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது, பின் ஏன் எரியும்? அந்த லைட்டுக்கு ஆல்டர்னேட்டரின் சங்கதிதான் தெரியும், பேட்டரிக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது தெரியாது.

பழைய முறையில் அந்த பல்பு ஒரு தராசு. ஒரு தட்டில் சாவி வழியாக வரும் பேட்டரி வோல்ட், மறு தட்டில் ஆல்டர்னேட்டரின் வோல்ட். இரண்டும் சமமானால் அணையும். சாவியைத் திருப்பி என்ஜின் போடாமல் இருக்கும்போது எரிய வேண்டும். போட்டதும் அணைய வேண்டும். இதை வைத்து நிறையச் சொல்லலாம். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பு பியூஸ், அல்லது பல்பிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் எல் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே கார்பன் தேய்ந்திருக்கிறது. சில ஆல்டர்னேட்டர்களுக்கு ஆரம்ப உசுப்பல் அந்த பல்பு வழியாகத்தான் போகும். அவற்றில் அந்தச் சின்ன பல்பு பியூஸ் ஆனால் சார்ஜே ஏறாது. ஓடும்போது முழுசாக எரிந்தால் பெல்ட், ரெகுலேட்டர், கார்பன். மங்கலாக, இருட்டில் மட்டும் தெரிகிற மாதிரி எரிந்தால் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம்.

டயோடு சந்தேகத்துக்கு இன்னொரு சோதனை: என்ஜின் ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேட்டரியை அளங்கள். 0.5-க்கு மேல் வந்தால் டயோடு பழுது. மலிவு மீட்டர்களில் சில இந்த இடத்தில் 28, 30 என்று உளறும். அது மீட்டரின் குறை, வண்டியின் குறை இல்லை.

கேள்வி: போகிற வழியில் அந்த லைட் எரிந்துவிட்டது. எவ்வளவு தூரம் போகலாம்?

முதலில் ஓரம் கட்டி பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 800-ல் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அம்பாசடரில் ரேடியேட்டர் ஃபேனையும் சேர்த்து. பெல்ட் அறுந்திருந்தால் பேட்டரியைப் பற்றிய கவலை இரண்டாவது. இன்னும் சில கிலோமீட்டரில் என்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போகும். நகராதீர்கள்.

பெல்ட் நன்றாக இருக்கிறது என்றால் பகலில் ஓரளவு தூரம் போகலாம். கார்புரேட்டர் 800-க்கு ஓடுவதற்குத் தேவை இக்னிஷன் கரண்ட் மட்டும்தான், பெட்ரோல் பம்ப்பை என்ஜினே இயக்குகிறது. நிறைந்த 35 ஆம்பியர்-அவர் கொள்ளளவு பேட்டரி இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஏ.சி., ஸ்டீரியோ, புளோயர் எல்லாவற்றையும் அணையுங்கள். டீக்கடையில் என்ஜினை அணைக்காதீர்கள். ராத்திரி என்றால் கணக்கே வேறு. 55 வாட் ஹெட்லைட் இரண்டு சேர்ந்து 9 ஆம்பியர். பின் விளக்கு, இக்னிஷன், அவ்வப்போது ரேடியேட்டர் ஃபேன். ஒரு மணி நேரத்தில் ஹெட்லைட் மஞ்சளாகி, அப்புறம் என்ஜின் இருமத் தொடங்கும். ஊர் வந்த இடத்தில் தங்கிவிடுவது உத்தமம்.

கேள்வி: பெல்ட்டை எப்படிப் பார்ப்பது?

இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குள் உள்ளே போக வேண்டும். காலையில் ஹெட்லைட் போட்டு ரேஸ் செய்யும்போது 'கீச்' என்றால் வழுக்குகிறது. பெல்ட்டைத் திருப்பிப் பக்கவாட்டுச் சுவரைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் இறுக்கிப் பிரயோஜனம் இல்லை, மாற்றுங்கள். ரொம்ப இறுக்கினாலும் தப்பு, ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போகும். வழுக்காமல் இருக்க சோப்பு தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் நிற்கும், அவ்வளவுதான்.

கேள்வி: ஒயர், எர்த், பெல்ட் எல்லாம் சரி. ஆல்டர்னேட்டர்தான் பழுது என்று எப்படி உறுதி செய்வது?

பி டெர்மினலிலேயே 12 சொச்சம்தான் வருகிறது என்றால் பழி அதன் மேல்தான். கழற்றும் முன் ஒரு வேடிக்கையான சோதனை இருக்கிறது. சாவியைப் போடுங்கள், என்ஜின் வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை ஆல்டர்னேட்டரின் பின் பேரிங் பக்கமோ புல்லி நட்டுக்கோ கொண்டுபோங்கள். லேசாகப் பிடித்து இழுத்தால் உள்ளே மின்காந்தம் உயிரோடு இருக்கிறது. சாவியை அணைத்தால் விட்டுவிடும். இழுப்பே இல்லை என்றால் அதற்குக் கரண்ட் போகவில்லை: சாவி வழி வரும் ஒயர், அதன் பியூஸ், ரெகுலேட்டர், கார்பன் இவற்றில் ஒன்று.

பழைய வண்டியில் அதிகம் போவது கார்பன்தான். தேய்ந்து தேய்ந்து ஸ்பிரிங்கின் அழுத்தம் எட்டாமல் போகும். குழியில் விழுந்தால் சார்ஜ் ஏறும், சமதளத்தில் ஏறாது என்கிற மாதிரி விநோதப் புகார்கள் எல்லாம் இதனால் வரும். கார்பன், ரெகுலேட்டர், பேரிங் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். காயில் கருகி, கருகல் வாசனை வந்தால் மட்டும் வேறு வழியில்லை. ரீவைண்டிங்கா, வேறு ஆல்டர்னேட்டரா என்று யோசிக்கலாம். ரோட்டர் காயிலை, அதாவது நடுவில் சுழலும் அந்த மின்காந்தத்தின் காயிலை, மீட்டரில் அளந்தால் சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது.

கேள்வி: மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றினார். வண்டி நிற்கவில்லை, "ஆல்டர்னேட்டர் ஓகே" என்றார். சரியான சோதனைதானே?

டைனமோ காலத்துப் பழக்கம். இன்னும் சாகவில்லை. ஆல்டர்னேட்டர் வண்டியில் தயவுசெய்து யாரையும் இதைச் செய்யவிடாதீர்கள். பேட்டரி என்பது ஒரு குளம் மாதிரி, அலையை எல்லாம் அது உள்வாங்கிக்கொள்கிறது. திடீரென்று அதைப் பிரித்தால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணத்தில் 40-ஐத் தாண்டி எகிறும். டயோடு, ரெகுலேட்டர், ஸ்டீரியோ எது வேண்டுமானாலும் போகலாம். 800-லேயே 2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்கிறபடி பெட்ரோலைப் பீச்சும் முறை) வந்தது, அந்த வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஆபத்து. நல்ல ஆல்டர்னேட்டரோடு போய், கெட்ட ஆல்டர்னேட்டரோடு திரும்பி வருவீர்கள். மீட்டர் வைத்தால் அரை நிமிடத்தில் தெரிகிற விஷயம் இது.

கேள்வி: ஓடும்போது 14.2 காட்டுகிறது. இரண்டு நாள் நிறுத்தினால் காலி. எப்படி?

ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றுங்கள். மீட்டரை 10 ஆம்பியருக்கு மாற்றி, கிளாம்ப்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் வையுங்கள். இந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்கவோ, கதவு விளக்கு தவிர வேறு எதையும் போடவோ கூடாது. 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. பழைய 800-ல் ஸ்டீரியோவின் ஞாபகசக்தி தவிர எதுவும் குடிக்கக்கூடாது, அதனால் இதைவிடக் குறைவாகவே வரும்.

கணக்குப் போட்டால் புரியும். 0.2 ஆம்பியர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-அவர். 35 பேட்டரி ஒரு வாரத்தில் சுத்தமாகக் காலி. ஏற்கனவே பாதி என்றால் மூன்றாம் நாளே செல்ஃப் திணறும். அளவு அதிகம் வந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைனில் திருடன். பழைய வண்டிகளில் பெரும்பாலும் பிற்பாடு மாட்டிய சாமான்தான்: ஆம்ப்ளிஃபயர், சென்ட்ரல் லாக், அலாரம், நேரடியாக பேட்டரியிலிருந்து இழுத்த போன் சார்ஜர்.

எல்லா பியூஸும் பிடுங்கி எண் விழவில்லையா? காலையில் என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் குளிர்ந்திருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் ஷார்ட் ஆன டயோடு வழியாக ராத்திரி முழுக்க பேட்டரி அதற்குள் வடிந்திருக்கிறது.

கேள்வி: வாரம் ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வெயிலா காரணம்?

நம் ஊர் மே மாதத்தில் கொஞ்சம் குறையும்தான். வாரா வாரம் என்றால் வெயில் மேல் பழி போடாதீர்கள். ஓடும்போது 15-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது. கூடவே ஹெட்லைட் பல்பு அடிக்கடி போவது, அழுகின முட்டை நாற்றம், பேட்டரியின் பக்கங்கள் வீங்குவது இவையும் வரும். உடனே சரி செய்யுங்கள். சார்ஜ் ஏறாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். அதிகம் ஏறினால் பேட்டரி ஹைட்ரஜனைக் கக்கும், ஒரு பொறி போதும். பீடி, சிகரெட்டோடு பானெட்டுக்குள் குனிபவரைத் தள்ளி நிறுத்துங்கள்.

ஒரே ஒரு செல்லில் மட்டும் தண்ணீர் குறைகிறது என்றால் அது வேறு கதை, அந்தச் செல் செத்துக்கொண்டிருக்கிறது. பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் மற்ற ஐந்தும் 1250 காட்ட, ஒன்று மட்டும் 1150 காட்டும். அந்த பேட்டரியை விட்டுவிடுங்கள். எந்தச் சார்ஜரும் அதை எழுப்பாது.

கேள்வி: தினமும் மூன்று கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். ஸ்டார்ட் செய்யப் போனதே திரும்ப ஏறாது என்கிறார்களே?

இது பாதி உண்மை. நல்ல நிலையில் இருக்கும் வண்டி 150 ஆம்பியரை இரண்டு விநாடி இழுத்தால் மொத்தம் 300 ஆம்பியர்-விநாடி. ஆல்டர்னேட்டர் உபரியாக 10 ஆம்பியர் கொடுத்தால் அரை நிமிடக் கணக்கு. நஷ்டத்தையும் சேர்த்து ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோமீட்டர் தாராளம். சோக் இழுத்து, பத்துத் தடவை செல்ஃப் அடித்து ஸ்டார்ட் ஆகும் வண்டிக்குத்தான் பற்றாது. அங்கே பார்க்க வேண்டியது ப்ளக்கும் கார்புரேட்டரும்.

ஒரு தடவை முழுக்கக் காலியான பேட்டரியை மட்டும் ஓட்டியே நிரப்பப் பார்க்காதீர்கள். ஆல்டர்னேட்டருக்கும் அது தண்டனை. வெளிச் சார்ஜரில் 3.5 ஆம்பியரில், அதாவது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கில், ராத்திரி முழுக்கப் போடுங்கள்.

கேள்வி: தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கார்புரேட்டர் வண்டி, பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருக்கிறது என்றால் செய்யலாம். சுத்தமாகச் செத்த பேட்டரி என்றால் ஆல்டர்னேட்டர் வண்டியில் எவ்வளவு தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம். உள்ளே இருக்கும் மின்காந்தத்தை எழுப்பவே கரண்ட் வேண்டும், இக்னிஷனுக்கும் வேண்டும். டைனமோவின் இரும்பில் பொதுவாகக் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கும், ஆனால் இக்னிஷனுக்கு அங்கேயும் பேட்டரியில் கொஞ்சம் உயிர் வேண்டும். அந்த அளவு உயிர் இருந்தால் பழைய அம்பாசடரை ஹேண்டில் போட்டுச் சுற்றியே கிளப்பினார்கள்.

கேள்வி: என்னுடையது டைனமோ அம்பாசடர். ஐடிலிங்கில் சிவப்பு லைட் மினுக்குகிறது.

மினுக்கட்டும். ரேஸ் கொடுத்ததும் அணைந்தால் போதும். ரேஸ் கொடுத்தும் அணையவில்லை என்றால் பழுது டைனமோவிலா, கட்-அவுட் பெட்டியிலா (டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) என்று முதலில் பிரித்துப் பாருங்கள். டைனமோவிலிருந்து டி, எஃப் இரண்டு ஒயரையும் கழற்றி, அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, அதற்கும் உடம்புக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். மெதுவாக ரேஸ் கொடுங்கள். வோல்ட் தங்குதடையின்றி ஏறினால் டைனமோ நல்லது, பெட்டியைப் பாருங்கள். 20 வோல்ட்டுக்கு மேல் போகவிடாதீர்கள், கட்டுப்பாடில்லாமல் ஓடுகிறது. ஒன்றுமே ஏறாவிட்டால் கார்பனும், கரி படிந்த கம்யூட்டேட்டரும்.

டைனமோவைக் கழற்றி வேலை பார்த்து மாட்டிய பிறகும் சார்ஜ் ஏறவில்லை என்று வருபவர்கள் அதிகம். இரும்பில் இருந்த காந்தம் போயிருக்கும் அல்லது திசை மாறியிருக்கும். என்ஜினை அணைத்துவிட்டு, லூகாஸ் வகைக் கட்-அவுட் பெட்டியில் எஃப் ஒயரைக் கழற்றி, அதன் முனையை ஏ டெர்மினலில் ஒரு கணம் உரசி எடுக்க வேண்டும். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். ஆல்டர்னேட்டரில் இதைச் செய்யாதீர்கள். லூகாஸ் என்றதும் ஞாபகம் வருகிறது: இந்தச் சாமான்கள் சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையில் செய்தவை, உதிரி இன்னும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரித்தால் அகப்படும். பழசே போதும் என்றால் புதுப்பேட்டை.

கேள்வி: கடையில் விடும்போது என்ன சொல்லி விடுவது?

"சார்ஜ் ஏறலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: காலையில் நின்றபடி எவ்வளவு, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு, ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு, பி டெர்மினலில் எவ்வளவு, ஹெட்லைட் போட்டபோது எவ்வளவு. கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். பாயிடம் நான் அந்தப் பட்டையைக் கேட்டு வாங்கிவந்தேன்; வீட்டில் டூல்ஸ் டப்பாவுக்குள் இன்னும் கிடக்கிறது, தொட்டால் விரலில் பச்சை ஒட்டும்.